தேதியா, வலையா, மீனின் அளவா: கடல் விதிகளில் எதை மாற்றினால் மீன் மிஞ்சும்?

ஏப்ரல் பிறந்தால் எங்கள் நாகப்பட்டினம் கரையில் பேச்சு ஒன்றுதான். மீன்பிடித் தடைக்காலத்தை மழை மாதங்களுக்கு மாற்று என்று ஒரு தரப்பு, 61 நாளைப் பழையபடி 45 ஆக்கு என்று இன்னொரு தரப்பு, சுருக்குமடி வலையை அனுமதி என்று ஒரு ஊர், அனுமதித்தால் நாங்கள் சாலையில் உட்காருவோம் என்று அடுத்த ஊர். இந்தச் சண்டை எனக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சித்தப்பா விசைப்படகு டிரைவர், மாமா பைபர் படகில் செவுள்வலை போடுகிறவர், சித்தி இரண்டு பேர் மீனையும் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறவர். மூன்று பேரும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் வருவதற்குள் பேச்சு தடைக்காலத்துக்குப் போய்விடும். ஆளாளுக்கு ஒன்று கேட்கிறார்களே, இதில் எது மீனைக் காப்பாற்றும், எது மீனவனையும் சேர்த்துக் காப்பாற்றும் என்று நான் யோசித்ததை எழுதுகிறேன்.

முதலில் தேதி. இங்கே 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017இல் 61 நாளானது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நிற்பது விசைப்படகுகள்தான், நாட்டுப்படகுகள் போய்வரலாம். மீன் சினை வைக்கும் காலம், கடலுக்கு ஓய்வு வேண்டும் என்பது அரசு சொல்லும் காரணம். சித்தப்பாவோ சினை மீனை நான் ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம் பார்க்கிறேன், அப்போது மூடுங்கள் என்கிறார். இதைப் பல துறைமுகங்களிலும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் கண்ணால் பார்த்ததைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நம் கடல் வெப்பக் கடல், இங்கே ஒவ்வொரு மீனுக்கும் சினைக்காலம் வேறு, பல மீன்கள் வருஷத்தில் பல மாதம் சினையோடுதான் திரியும். எல்லா மீனுக்கும் பொருந்துகிற இரண்டு மாதம் என்று ஒன்று காலண்டரில் கிடையாது. ஆனால் மழை மாதங்களுக்கு மாற்றுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கேட்கிறவர்கள் வெளியே சொல்வதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் காற்றழுத்தமும் வந்து எப்படியும் பாதி நாள் படகு கரையில்தான் கிடக்கும். அந்த நாட்களையே தடைக்காலம் என்று எழுதிவிட்டால் மீனவனுக்கு நஷ்டம் குறையும், வாஸ்தவம், ஆனால் கடலுக்குப் புதிதாகக் கிடைக்கிற ஓய்வும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். சித்திரை, வைகாசியில் கடல் நன்றாக இருக்கும், போனால் பாடு, அதாவது மீன், நன்றாகக் கிடைக்கும், அப்போது நிறுத்துவதால்தான் வலிக்கிறது. வலிக்கிற இடத்தில்தான் மீனுக்கும் ஏதோ மிஞ்சுகிறது.

61ஆ 45ஆ என்ற கேள்விக்கு வருவோம். அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61ஆல் வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய் வருகிறது. ஐந்து பேர் இருக்கிற வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கூட்டின 16 நாளுக்கான பணத்தைச் சரியாகக் கொடுத்திருந்தால் இந்தச் சண்டையே பாதியாகியிருக்கும். அதனால் தடையைக் குறை என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை, நிவாரணத்தைக் கூட்டு என்பதை முழு மனசோடு ஏற்கிறேன்.

தேதியை எப்படி மாற்றினாலும் தீராத ஒன்று இருக்கிறது. தடை முடிந்து முதல் படகுகள் திரும்பும் அன்றைக்குத் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். போன வருஷம் விடியற்காலை நான்கு மணிக்குப் போனேன். இறால், கணவாய், வஞ்சிரம் எல்லாம் தனித்தனிப் பெட்டியில் ஏலத்துக்குப் போக, ஒரு ஓரமாகக் கழசல் குவிந்து கிடந்தது. கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகிற குவியல். கையை விட்டு அள்ளினேன். சுண்டுவிரல் நீளத்துக்கு வாளைக்குஞ்சு, கட்டைவிரல் நகம் அளவுக்கு நண்டு, கண்ணாடி மாதிரி வெளுத்த பொடிக்கணவாய், இன்ன மீன் என்று எனக்கே அடையாளம் தெரியாத இன்னும் என்னென்னவோ. பையில் ஸ்கேல் வைத்திருந்தேன். அள்ளியதில் கிடந்த மத்தி ஒன்றை எடுத்து வைத்தேன், ஏழு சென்டிமீட்டர். இரண்டு மாதம் கடல் ஓய்வெடுத்து வளர்த்ததை இரண்டே வாரத்தில் இப்படி வழித்து எடுத்தால் அந்த 61 நாள் யாருக்காக?

அடுத்தது வலை. இதில் பெரிய சண்டை சுருக்குமடிதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மீன் கூட்டம் மேலாக ஓடுவதைப் பார்த்து அதைச் சுற்றி வட்டமாக வலையை விட்டு, அடியில் இருக்கும் வளையங்களில் ஓடுகிற கயிற்றை இழுத்தால், பாட்டி இடுப்பில் செருகிய சுருக்குப்பை வாய் மூடுகிற மாதிரி அடிப்பக்கம் மூடிக்கொள்ளும். உள்ளே இருந்த கூட்டம் மொத்தமும் படகில். தமிழ்நாடு இதை 2000இலேயே தடை செய்தது. ஆனாலும் சுனாமிக்கு அப்புறம் கடலூர், நாகைப் பக்கங்களில் பரவியது, கடன் வாங்கி லட்சக்கணக்கில் போட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் மீனவர்கள்தான். 2021 ஜூலையில் மயிலாடுதுறைக் கரையில் அனுமதி கேட்டு ஒரு பக்கமும் தடை கேட்டு மறுபக்கமுமாகச் சொந்தபந்தங்களே எதிரெதிரே நின்றதை மறக்க முடியவில்லை.

2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் சுருக்குமடிக்கு நிபந்தனையோடு அனுமதி தந்து இடைக்கால உத்தரவு போட்டது. 12 கடல்மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குப் போய் மாலை 6 மணிக்குள் திரும்பிவிட வேண்டும், பதிவு செய்த படகாகவும் இடத்தைக் காட்டும் கருவி பொருத்திய படகாகவும் இருக்க வேண்டும். கரையிலிருந்து 12 கடல்மைல் வரைதான் மாநிலத்தின் கை நீளும், அதற்கு அப்பால் ஒன்றிய அரசின் அதிகாரம். அதனால் முழுத் தடை, வாரம் இரண்டு நாள் என்று இரண்டு வழி எதிரெதிரே நிற்கிறது.

இரண்டு நாள் வழி காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. நாளைப் பங்கு போடுவது நமக்குப் புதிதும் இல்லை. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று ரொம்ப காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே திங்கள், புதன், சனி விசைப்படகு போகும். குறைகள் உண்டு, ஆனாலும் அது நிலைத்து நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான், செவ்வாய்க்கிழமை ஒரு விசைப்படகு வெளியே கிடந்தால் கரையில் பல் துலக்குகிறவனுக்கும் தெரிந்துவிடும். சுருக்குமடி விஷயத்தில் நாளைக் கண்ணால் பார்க்கலாம், 12 கடல்மைலை எப்படிப் பார்ப்பது? அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்று வைத்தாலும் கையில் ஏழு மணி நேரம்தான். அதற்குள் கூட்டத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். மத்தியும் கவலை மீனும் பெரும்பாலும் ஓடுவது கரைப்பக்கத்துக் கடலில். டீசல் எரித்து வெறுங்கையோடு திரும்புகிற வழியில் எட்டு கடல்மைலில் ஒரு கூட்டம் மினுங்கினால் எத்தனை பேரால் கையைக் கட்டிக்கொண்டு வர முடியும்? கருவி காட்டிக்கொடுக்கும் என்கிறார்கள். காட்டலாம், ஆனால் அன்றைக்கே யாராவது அதைப் பார்த்துக் கேட்டால்தான் அது விதி.

முழுத் தடையிலும் ஓட்டை உண்டு. மயிலாடுதுறைக்கும் நாகைக்கும் நடுவில் காரைக்கால் இருக்கிறது, அது புதுச்சேரியைச் சேர்ந்தது. கடலில் கோடு கிழித்தா வைத்திருக்கிறது? ஒரு அரசு பிடித்து இன்னொரு அரசு விட்டால் தடை பாதிக்கடலுக்குத்தான். ஆனாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் 12 கடல்மைலுக்குள் முழுத் தடை இம்மியும் தளரக் கூடாது என்பேன். மாமாவின் பைபர் படகு அதற்கு மேல் போய்ப் பிழைக்க முடியாது. அந்தக் கடலை எடுத்துக்கொண்டு அவரிடம் என்ன நாள் கணக்கு பேசுவது?

விசைப்படகு பின்னால் இழுத்துப் போகிற பை மாதிரியான இழுவைமடிக்கு வேறு கதை. அங்கே பிரச்சினை கண்ணியின், அதாவது வலை ஓட்டையின், அளவும் வடிவமும். வழக்கமான சாய்சதுரக் கண்ணி, மடி இழுபடும்போது நீளவாக்கில் இழுத்துக்கொண்டு ஏறக்குறைய மூடிவிடும். 40 மில்லிமீட்டர் என்று அளந்து வாங்கினாலும் தண்ணீருக்குள் குஞ்சு தப்பிக்க வழி இருக்காது. மடியின் கடைசிப் பையைச் சதுரக் கண்ணியாகப் பின்னினால் இழுவையிலும் கண்ணி திறந்தே நிற்கும், சின்னது நழுவிப் போய்விடும். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இதை ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறது. செலவும் மொத்த மடிக்கு இல்லை, பைக்கு மட்டும்தான். நல்ல யோசனை, எனக்குப் பிடித்தது. ஆனால் சித்தப்பா சிரித்தார். “அதிகாரி வரும்போது சதுரம் தெரியும், கடலுக்குப் போனதும் உள்ளே ஒரு பொடிவலையைக் கட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார். நடுக்கடலில் போய் ஒவ்வொரு மடியையும் திறந்து பார்க்க எந்த அரசிடமும் ஆள் இல்லை.

மூன்றாவது வழி கேரளம் பிடித்தது. எந்த மாதம், எந்த வலை என்பதோடு நிற்காமல், கரைக்கு வரும் மீன் குறைந்தபட்சம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2015இல் 14 வகை மீன்களுக்குத் தொடங்கி, பிறகு 58 வகை வரை நீட்டினார்கள். மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. அதற்குக் கீழே கொண்டுவந்தால் அபராதம். அவர்கள் சும்மா வரவில்லை இதற்கு. 2012இல் 3.9 லட்சம் டன் மத்தி இறங்கிய கேரளத்தில் 2021இல் இறங்கியது 3,297 டன். அந்தச் சரிவுக்குக் கடல் சூடானதும் காரணம், குஞ்சு பிடித்ததை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. ஆனால் கடல் கைவிடுகிற வருஷத்தில் குஞ்சையும் பிடித்தால் மிச்சம் என்ன இருக்கும்?

அளவு விதிக்கு எங்கள் வீட்டில் எதிர்ப்பு சித்தியிடமிருந்து வந்தது. “சின்னது மடியில் வரும்போதே செத்துதான்டா வருது, கரைக்குக் கொண்டுவராதேன்னா கடல்ல கொட்டிட்டு வருவான். அதுல உனக்கு என்ன லாபம், மீனுக்கு என்ன லாபம்?” இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இரண்டு மூன்று நாள் மண்டையைக் குடைந்தது. அப்புறம்தான் புரிந்தது, அளவையும் கண்ணியையும் தனித்தனியாக எடைபோட்டதுதான் நான் செய்த தப்பு. கண்ணி விதி மட்டும் இருந்தால் உள்வலை கட்டுவார்கள். அளவு விதி மட்டும் இருந்தால் செத்ததைக் கடலில் கொட்டுவார்கள். இரண்டும் சேர்ந்தால்? பொடிமீனைக் கரையில் ஒருவரும் வாங்கமாட்டார் என்று ஆகிவிட்டால் உள்வலை கட்டி டீசல் எரித்து அதைச் சுமந்துவர எவனுக்குப் பைத்தியம்? சதுரக் கண்ணி அவனுக்கே லாபமாகிவிடும், மடி லேசாக இழுபடும், பொடி பொறுக்குகிற வேலையும் மிச்சம். கடலில் காவல் தேவையில்லை. எல்லா மீனும் ஏதோ ஒரு இறங்குதளத்தில் ஏறித்தானே ஆக வேண்டும், அங்கே ஒரு ஸ்கேலும் ஒரு ஆளும் போதும்.

இது புதுசும் இல்லை. சிங்கி இறால் ஏற்றுமதிக்கு 2003இலேயே குறைந்தபட்ச எடை வைத்துவிட்டார்கள், ஒரு வகைக்கு 200 கிராம், இன்னொன்றுக்கு 500 கிராம் என்று. வாங்குகிற இடத்தில் பிடித்தால் பிடிக்கிற இடத்திலும் பழக்கம் மாறும் என்ற கணக்குதான் அதற்குள் இருக்கிறது.

அளவு விதியில் யாருக்கு அடி விழும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மீன்மாவு ஆலைக்காரருக்கு விழும், விழட்டும். ஆனால் கழசல் விற்ற காசில்தான் பல படகில் ஐஸ் கடனும் டீசல் கடனில் கொஞ்சமும் அடைகிறது, தொழிலாளிக்கும் படிக்காசு கிடைக்கிறது. அது நின்றால் முதல் ஆறு மாதம் படகு திணறும். நெத்திலி மாதிரி வளர்ந்தாலும் சின்னதாகவே இருக்கிற மீனைப் பிடித்துப் பிழைக்கிற நாட்டுப்படகுக்காரருக்கு விலக்கு எழுதாமல் விட்டால் அவர்கள்தான் முதல் பலி. கருவாட்டுக்குப் பொடிமீன் வாங்குகிற பெண்களையும் யாரும் கேட்காமல் விதி எழுதிவிடக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தார் கூட்டத்தில் அவர்களுக்குப் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை, கெடுவது அவர்கள் பிழைப்புதான்.

என்னைக் கேட்டால், 61 நாளும் ஏப்ரல் 15ம் அப்படியே இருக்கட்டும், நிவாரணம் மட்டும் ஏறட்டும். 12 கடல்மைலுக்குள் சுருக்குமடி கூடாது. அதற்கு அப்பால் போகிற படகும் அளவு விதிக்குள் வரட்டும், 10 சென்டிமீட்டருக்குக் கீழே மத்தி கொண்டுவந்தால் கருவி பொருத்தியிருந்தாலும் அபராதம்தான். சதுரக் கண்ணிப் பையை அரசு முதல் முறை இலவசமாகக் கொடுக்கட்டும், கொடுத்த அன்றிலிருந்து ஏலக்கூடத்தில் அளக்கட்டும், எல்லா மீனுக்கும் அல்ல, மத்தி, அயிலை, வாளை என்று மூன்றே மூன்றுக்கு. காரைக்காலிலும் அதே நாளில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கழசல் ஏற்றிய வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “எனக்கு மட்டும் அளப்பியா, எல்லாருக்கும் அளப்பியா?” எல்லாருக்கும் என்றேன். அப்படியானால் இலவசமாகக் கொடுக்க வேண்டாம், அடுத்த தடைக்காலத்துக்குள் பையை நானே பின்னிவிடுகிறேன் என்றார்.