முள் டயல் டியூனரா, பி.எல்.எல். டியூனரா?

ஹை-ஃபை செட்டோடு சேர்க்கப் பழைய எஃப்.எம். டியூனர் தேடினால் கடைசியில் இரண்டு வகையில் வந்து நிற்போம்: கண்ணாடிக்குப் பின்னால் முள் ஓடும் கேங் கண்டன்சர் (ஒரே தண்டில் பல தகட்டுப் பகுதிகள் சேர்ந்து சுழலும் கண்டன்சர்) டியூனர், இல்லையென்றால் பட்டனை அழுத்த எண் மாறும், கிறிஸ்டலை வைத்து அலைவரிசையைப் பூட்டி வைக்கும் பி.எல்.எல். டியூனர். இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டு நான் பி.எல்.எல்.லை வைத்துக்கொண்டேன், முக்கியமாகப் பராமரிப்புக்காக.

அழகும் கைக்குச் சுகமும் முள் டயலுக்கு. கனமான சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினால் முள் அந்தக் கோடி வரை வழுக்கிக்கொண்டு போகும். ரிமோட், ஸ்டேஷன் மெமரி எல்லாம் மற்றதற்கு. இதில் பேச ஒன்றும் இல்லை.

உள்ளே பார்த்தால் இரண்டும் சூப்பர்ஹெட்டரோடைன்தான். ஆன்டெனாவில் வரும் சிக்னலோடு உள்ளேயே ஒரு அலையை உருவாக்கும் ஆஸிலேட்டரின் சிக்னலைக் கலந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 10.7 மெகாஹெர்ட்ஸைப் பிரித்தெடுக்கிறார்கள். 98.3 ஸ்டேஷன் வேண்டுமென்றால் ஆஸிலேட்டர் வழக்கமாக 109.0-ல் ஓடும். முள் டயலில் அந்த 109.0-ஐ நிர்ணயிப்பது ஒரு காயில், கண்டன்சர் தகடுகள், நுணுக்கமாகத் திருத்த ஒரு ட்ரிம்மர், அவ்வளவுதான். செட் சூடேறினால் கொஞ்சம் நகரும், வருடங்கள் போனால் இன்னும் நகரும். ஏ.எஃப்.சி. (விலகலைத் தானே திருத்தும் சுற்று) பிடித்து வைக்கும், ஆனால் பக்கத்தில் பலமான ஸ்டேஷன் இருந்தால் அதன் பக்கமே தாவிவிடவும் செய்யும். பி.எல்.எல்.லில் ஆஸிலேட்டரின் அலைவரிசையை வகுத்து, எளிதில் நகராத குவார்ட்ஸ் கிறிஸ்டலோடு ஒப்பிடுகிறார்கள். ரெஃபரன்ஸ் 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 1090-ஆல் வகுத்தால் சரியாகப் பொருந்த வேண்டும், துளி விலகினாலும் வராக்டர் டையோடுக்கு (வோல்டேஜுக்கு ஏற்ப மதிப்பு மாறும் கண்டன்சர் போல வேலை செய்வது) போகும் வோல்டேஜ் மாறி இடத்துக்கு இழுத்து வந்துவிடும்.

சரி, அப்படியானால் பி.எல்.எல். டியூனருக்கு அலைன்மென்ட்டே (உள்ளே காயில்களைத் திருப்பிச் சரிசெய்வது) வேண்டாமா? வேண்டும். அந்த 10.7-லிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டிடெக்டரின் காயிலும் வயதாக ஆக நகரும். சொல்லப்போனால் அங்கே சிக்கல் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் முள்ளைக் கையால் சற்றுத் தள்ளிச் சமாளிப்பது போல இதில் முடியாது, கிறிஸ்டல் சொன்ன இடத்தில்தான் நிற்கும். ஸ்டீரியோவில் இது உடனே காதில் படும்: ஸ்டீரியோ என்று அடையாளம் காட்டும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சிக்னலும், 38-ஐ நடுவாக வைத்து 53 வரை போகும் இடது-வலது வித்தியாசச் சிக்னலும் ஒழுங்காக வெளியே வந்தால்தான் இரண்டு பக்கமும் சுத்தமாகப் பிரியும்.

ஆனால் சரிசெய்வது எவ்வளவு சுலபம் என்பதுதான் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது. ஒலிபரப்பு நிலையத்தின் அலைவரிசை மிகத் துல்லியமானது, பி.எல்.எல்.லும் அதே எண்ணில் நிற்கிறது. ஆகவே பிழை டிடெக்டரில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நல்ல பலமான ஸ்டேஷனை வைத்து, சர்வீஸ் மேனுவல் சொல்லும் இரண்டு டெஸ்ட் பாயின்ட்டுக்கு நடுவே வோல்டேஜ் பூஜ்யம் ஆகும் வரை காயிலின் நடுவில் உள்ள கோர் திருகை மெதுவாகத் திருப்பினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. கையில் ஒரு மல்டிமீட்டர் போதும். முள் டயலிலோ விலகியது ஆஸிலேட்டரா, டிடெக்டரா, அல்லது டயல் நூல் தளர்ந்து முள்தான் தப்பாகக் காட்டுகிறதா என்று பிரித்துச் சொல்லவே நல்ல சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். அதற்கு மேல் நான்கு, ஐந்து கேங் உள்ள செட்டில் ஒவ்வொரு பகுதியும் டயலின் இரண்டு முனையிலும் சேர்ந்து நடக்க வேண்டும், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். கண்டன்சர் தண்டை கிரவுண்ட் செய்யும் கான்டாக்ட் கறுத்துப்போனால் திருப்பும்போதெல்லாம் கரகரப்பு வேறு.

ஒரு இடத்தில் முள் டயலுக்கு முழு மரியாதை தர வேண்டும். டிரான்ஸ்மிட்டருக்கு மிக அருகில் இருப்பவர்களுக்குப் பல கேங் உள்ள செட்டே மேல், ஏனென்றால் காற்று இடைவெளிக் கண்டன்சர் பலமான சிக்னலுக்கு அசையாது. வராக்டர் டையோடின் மதிப்பை அந்தச் சிக்னலே ஆட்டிவைக்கும், அதனால் இல்லாத ஸ்டேஷன்கள் முளைக்கும். மீடியம் வேவை நான் அதிகம் கேட்பதில்லை, அதில் எது மேல் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். சிக்னலை எண்ணாக மாற்றி, ஃபில்டர் வேலையையும் கணக்காகவே செய்துவிட்டு மறுபடி ஒலியாக்கும் டி.எஸ்.பி. டியூனர்களையும் கொஞ்ச நேரம்தான் கேட்டிருக்கிறேன். திருப்ப வேண்டிய டிடெக்டர் காயிலே அவற்றில் இல்லை என்பது பிடித்திருந்தது, சிப் போனால் என்ன செய்வது என்பதுதான் யோசனை.

பி.எல்.எல். வாங்குபவர்கள் மூடியைத் திறந்து மெமரி பேட்டரி கசிந்து போர்டை அரித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் டியூனிங் படி எவ்வளவு என்று பாருங்கள். 200 கிலோஹெர்ட்ஸ் படியில் மட்டும் நகரும் அமெரிக்க மாடல் வேறு நாடுகளில் சில ஸ்டேஷன்களைத் தாண்டிப் போய்விடும். அதன் டீ-எம்ஃபசிஸ் (ஒலிபரப்பில் தூக்கிவிட்ட உச்ச ஸ்தாயியைத் திரும்ப இறக்குவது) 75 மைக்ரோசெகண்டாக இருக்கும், 50 வழக்கத்தில் உள்ள இடங்களில் உச்ச ஸ்தாயி மங்கலாகக் கேட்கும். பின்பக்கத்தில் இதற்கு ஸ்விட்ச் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.