ஜி.எஃப்.ஆர். படிக்க: ஐகாட்டா, ஃபரீதாபாத்தா?

மத்திய அரசில் கொள்முதல் பிரிவுக்கு மாற்றலாகி வருபவர்கள், பொது நிதி விதிகள் 2017-ஐ (ஜி.எஃப்.ஆர்.) எங்கே படிப்பது என்று குழம்புகிறார்கள்.

செலவு: மத்திய அரசின் இணையவழிப் பயிற்சித் தளமான ஐகாட் கர்மயோகி இலவசம். ஃபரீதாபாத் அருண் ஜேட்லி தேசிய நிதி மேலாண்மை நிறுவன வகுப்பென்றால் பெரும்பாலும் கட்டணம், பயணப்படி, மேலதிகாரி கையெழுத்து.

நேரம்: ஐகாட் செல்போனிலேயே முடியும். ஃபரீதாபாத் போனால் இங்கே அலுவலகத்தில் கோப்பு தேங்கும்.

ஆழம்: வித்தியாசமே இதில்தான். விதி 166 எப்போது ஒற்றை டெண்டரை (ஒரே நிறுவனத்திடம் மட்டும் விலை கேட்டு வாங்குவதை) அனுமதிக்கிறது என்று ஐகாட் காணொளி சொல்லிவிடும். 'இப்பொருளைத் தயாரிப்பவர் இவர் மட்டுமே' என்ற சான்றை எப்படி எழுதினால் தணிக்கையில் ஆட்சேபணை வரும்? அதை வகுப்பில் கேட்டுத்தான் தெளிய வேண்டும். (வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உண்டு.)

பில் போடும் உதவியாளருக்கு ஐகாட் போதும். டெண்டர் குழுவில் கையெழுத்திடுபவர் ஃபரீதாபாத் போகட்டும். நிதியாண்டு முடியும் மார்ச்சில் மட்டும் வேண்டாம்.