ஸ்டாக்ஸ் எல்700-க்குப் பக்கத்தில் எக்ஸ்9000: 14 மாத அனுபவம்

2023 ஏப்ரலில் என் நண்பர் ஒருவர் வேலை மாறி சிங்கப்பூரிலிருந்து துபாய் போனார். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெரிய பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒன்றில் ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-எக்ஸ்9000 ஹெட்போன். இன்னொன்றில் அதை ஓட்டும் எஸ்ஆர்எம்-டி8000 ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). "அங்க எங்க தங்கப்போறேன்னே இன்னும் முடிவாகல. நீங்க வெச்சுக்கங்க. சும்மா மூடி வைக்காதீங்க, தினமும் கேளுங்க" என்றார். ஹெட்போன் மட்டும் 6,200 அமெரிக்க டாலர் விலையில் வந்தது. ஆம்போடு சேர்த்தால் 12,000 டாலரைத் தாண்டும். 14 மாதம் அது என் மேசையில் இருந்தது.

அதே மேசையில் என்னுடைய எஸ்ஆர்-எல்700 மார்க் 2-வும் இருந்தது. 2020இல், எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் வாங்கியது. ஹெட்போன் சுமார் 1,500 டாலர். அதை எஸ்ஆர்எம்-353எக்ஸ் என்ற சின்ன ஆம்ப் ஓட்டுகிறது. அதற்கு முன்னால் 2018இல் வாங்கிய, ஸ்டாக்ஸின் சின்ன மாடலான எல்300, அதற்கும் முன்னால் வழக்கமான வகை ஹெட்போனான சென்ஹைசர் எச்டி600. எச்டி600 இன்னும் என்னிடம் இருக்கிறது. எதையும் ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் அதைத்தான் எடுப்பேன். இந்த விலைக்கு இது தகுமா என்று பலரும் கேட்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே காதுகளோடு, மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஸ்டாக்ஸ் செய்வது எலக்ட்ரோஸ்டாடிக் வகை ஹெட்போன். முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வழக்கமான ஹெட்போனுக்குள் இருப்பது ஒரு குட்டி ஸ்பீக்கர்: காந்தம், கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு. எலக்ட்ரோஸ்டாடிக்கில் சுருளும் கிடையாது, காந்தமும் கிடையாது. ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் சவ்வு. நம் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். சவ்வுக்கு இரு பக்கமும் துளைகள் கொண்ட தகடுகள், நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி. சவ்வில் எப்போதும் 580 வோல்ட் நிற்கும். பாட்டின் சிக்னல் நூற்றுக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து தகடுகளுக்குப் போகும். ஒரு தகடு தள்ளும்போது மற்றது இழுக்கும். சவ்வு முழுவதும் ஒரே நேரத்தில் நகரும். கரண்ட் மிக மிகக் குறைவு என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த வோல்ட்டேஜைத் தரும் தனி ஆம்ப் இல்லாமல் ஹெட்போன் வாய் திறக்காது. உங்களிடம் இருக்கும் வழக்கமான ஹெட்போன் ஆம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நேரடியாக இதற்கு உதவாது. ஐந்து பின் உள்ள பிளக்கைப் பார்த்ததும் ஹெட்போன் விலையோடு ஆம்ப் விலையையும் மனதுக்குள் கூட்டிவிடுங்கள்.

ஸ்டாக்ஸ் இதைப் புதிதாகச் செய்யவில்லை. அந்த ஜப்பானிய கம்பெனியின் முதல் எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போனான எஸ்ஆர்-1 விற்பனைக்கு வந்தது 1960இல். அவர்கள் இன்றுவரை இதை ஹெட்போன் என்று சொல்வதில்லை, இயர்ஸ்பீக்கர் என்கிறார்கள்.

சரி, கேட்டால் என்ன தெரிகிறது? நான் கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதம், அதிலும் சபாக்களில் நேரடியாகப் பதிவான கச்சேரிகள். எல்300-ஐ முதல் நாள் போட்டபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது மிருதங்கம். எச்டி600-இல் மிருதங்கத்தில் சாப்பு என்ற ஒரு அடி விழுந்தால் அது ஒரே சத்தம். எல்300-இல் அதற்குள் இரண்டு கட்டம் கேட்டது: விரல் தோலில் படும் கணம், பிறகு அந்தத் தோல் ஒலித்து அடங்குவது. தனி ஆவர்த்தனத்தில் வேகமான சொற்கள் வரும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக விழுந்தன. தம்புராவும் அப்படித்தான். குதிரையில் வைத்த நூலால் எழும் அந்த ரீங்காரம், ஒரு தந்தி அடங்குவதற்குள் அடுத்த தந்தி அதற்குள் நுழைவது, எல்லாம் காதுக்குத் தெளிவாகப் புரிந்தது. பழகிய பதிவுகளையே ஒரு வாரம் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த வாரம்தான் இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது, ஆறு வருடம் ஆகியும் போகவில்லை.

இது கொடுக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில், தோலை அழுத்தித் தேய்க்கும் கும்கி வரும்போது சுருதி எப்படி வளைகிறது என்பது அழகாகத் தெரியும். நெஞ்சில் அந்தக் கனம் இறங்காது. தவிலுக்கு இது இன்னும் பொருந்தும். நாகஸ்வரக் கச்சேரி கேட்க எனக்கு இன்னமும் எச்டி600-தான் பிடிக்கிறது. காரணம், எலக்ட்ரோஸ்டாடிக்கில் சவ்வு நகரக்கூடிய தூரமே மிகக் குறைவு. கண்ணாடி போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணாடிக் காம்பு இயர்பேடுக்கு அடியில் ஒரு சின்ன இடைவெளி விட்டாலே பாஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி, பாதி காணாமல் போகும். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

எல்300-இலிருந்து எல்700-க்குப் போனது எனக்குத் தெளிவான முன்னேற்றம். ஸ்டாக்ஸின் பெரிய மாடலான எஸ்ஆர்-009-க்காக உருவாக்கிய பல அடுக்குத் தகட்டு முறையைத்தான் எல்700-இல் பயன்படுத்தியிருக்கிறார்கள். எல்300-இல் குரல் கொஞ்சம் மெலிந்து, மேல் ஸ்தாயியில் லேசாகக் கூராக இருந்தது. எல்700-இல் குரலுக்கு உடம்பு வந்தது. வயலின் வில் தந்தியைப் பிடிக்கும் உராய்வு வந்தது. விலை மூன்று மடங்குக்கு மேல். அது தகும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இனி எக்ஸ்9000.

ஒப்பிடும்போது சத்த அளவைச் சமப்படுத்துவதுதான் முதல் வேலை. கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் வைத்தது எப்போதுமே 'நன்றாக' இருப்பதுபோல் தோன்றும். கெட்டி அட்டையில் துளை போட்டு அதில் ஒலி மீட்டரைச் செருகி, ஹெட்போன் கப்பை அதன்மேல் அழுத்தி வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் டோன் விட்டு இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். ஆம்ப் நாபில் இரண்டுக்கும் பென்சில் கோடு. இதைச் செய்யாமல் முதல் மூன்று வாரம் கேட்டு எழுதி வைத்த குறிப்புகளை அப்புறம் கிழித்துப் போட்டேன். எல்லாமே எக்ஸ்9000-க்குச் சாதகமாக இருந்தன.

சமப்படுத்திய பிறகும் வித்தியாசம் இருந்தது. எக்ஸ்9000 மேடையை விரிக்கிறது. பாடகர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்று எல்700-உம் காட்டும். எக்ஸ்9000-இல் அவர்களுக்கு நடுவில் இருக்கும் காற்றும் கேட்கிறது. சபாவின் பின்வரிசையில் ஒருவர் இருமினால் அது உண்மையாகவே பின்வரிசையிலிருந்து வருகிறது. ட்ரெபிள், அதாவது மேல்ஸ்தாயி ஒலி, மிருதுவாக இருப்பதால் இரண்டரை மணி நேரக் கச்சேரியை ஒரே மூச்சில் கேட்டாலும் காது களைப்பதில்லை. எல்700-இல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஜால்ராவும் மோர்சிங்கும் லேசாக உறுத்தும். தலையில் உட்காரும் விதத்திலும் எக்ஸ்9000 ஒரு படி மேல்: எடை 432 கிராம் என்கிறார்கள், போட்டபின் அவ்வளவு தெரிவதில்லை. தோல், உலோகம் எல்லாமே கையில் எடுக்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கும்.

எல்700-ஐ டி8000 ஆம்பில் செருகியும் பல நாள் கேட்டேன். எல்லா வாத்தியமும் சேர்ந்து உரத்து வரும் இடங்களில் கீழ்ஸ்தாயி கொஞ்சம் பிடிமானத்தோடு நின்றது. அவ்வளவுதான். 353எக்ஸ்-க்குத் திரும்பியபோது எதையும் இழந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சுமார் 6,000 டாலர் ஆம்ப் வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் மிகவும் நிதானிக்க வேண்டும்.

அந்த நவம்பரில் அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தார். நாற்பது வருடமாகப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். விலை, மாடல் எதுவும் அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஒரு கல்யாணி ஆலாபனையை இரண்டிலும் போட்டுக் கொடுத்தேன். எல்700-ஐப் போட்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தம்புரா பக்கத்துலயே இருக்குடா" என்றார். பிறகு எக்ஸ்9000. "இதுவும் நல்லாத்தான் இருக்கு. பத்து வரிசை தள்ளி உக்காந்து கேக்கற மாதிரி இருக்கு." எது வேணும்மா என்றேன். "முதல்ல குடுத்ததையே குடு. அதுல மூச்சு எங்க எடுக்கறாங்கன்னு தெரியுது." எனக்கு அன்று ஒரு விஷயம் உறைத்தது. நான் முன்னேற்றம் என்று எழுதி வைத்திருந்தது அவருக்கு வெறும் தூரமாகக் கேட்டிருக்கிறது. பாட்டைக் கற்றுக்கொடுக்கும் காது வேறு எதையோ தேடுகிறது.

பழைய திரைப்பாடல் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேசட்டிலிருந்து மாற்றிய 80களின் பாடல்களை இந்த ஹெட்போன்கள் இரக்கமில்லாமல் திறந்து காட்டும். நாடாவின் இரைச்சல், குரலை வெட்டி ஒட்டிய இடம், வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச்சீரமைப்பான மாஸ்டரிங்கில் நசுக்கிய உச்சம் எல்லாம் தெரியும். நல்ல பதிப்பு கிடைத்தால் வேறு உலகம். கிடைக்காத பாட்டுக்கு எச்டி600 போதும், அதுதான் நல்லதும்கூட.

நம் ஊர்களில் இதைவிடப் பெரிய கவலை ஈரப்பதம். சிங்கப்பூரில் காற்றின் ஈரம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அபூர்வம் போலத் தோன்றும். சென்னை, கொழும்பு எல்லாம் இதே கதைதான். சவ்வில் நிற்கும் மின்னூட்டம் ஈரமும் தூசியும் சேர்ந்தால் மெதுவாகக் கசியும். அப்போது ஒரு பக்கம் சத்தம் குறையும், சில நேரம் மெல்லிய கீச்சொலி வரும். இது எனக்கே நடந்தது. இங்கே நான் பெயர் சொன்ன எதிலும் இல்லை, நடுவில் ஒரு வருடம் என்னிடம் இருந்த வேறொரு பழைய எலக்ட்ரோஸ்டாடிக்கில். ஜன்னலோரம் திறந்தபடி வைத்திருந்தேன். மழைக்காலம் முடிவதற்குள் இடது பக்கம் பாதியாகிவிட்டது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் நான்கு மாதம் வைத்திருந்துவிட்டு அப்படியே திருப்பித் தந்தார்கள். அன்றிலிருந்து கேமரா வைக்கும் டிரை கேபினட்டில், 45 சதவீத ஈரப்பதத்தில்தான் ஹெட்போன்கள் தூங்குகின்றன. தூசி படாமல் மூடுகிறேன், வியர்த்த தலையோடு போடுவதில்லை. கப்பைக் காதில் வேகமாக அழுத்தும்போது 'பர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அது காற்று அழுத்தத்தில் சவ்வு தகட்டைத் தொடுவது. அதற்குப் பயப்பட வேண்டாம், மெதுவாகப் போட்டால் போதும்.

இதற்கும் மேலே ஒரு உலகம் இருக்கிறது. சென்ஹைசர் 1991இல் ஆர்ஃபியஸ் எச்இ90-ஐ 300 மட்டுமே செய்தது. 2015இல் அதன் வாரிசான எச்இ1-ஐ அறிவித்தது: கராரா பளிங்கில் குடைந்த ஆம்ப், பொத்தானை அழுத்தினால் மேலெழும் எட்டு வெற்றிடக் குழாய்கள் (வால்வுகள்), சுமார் 50,000 யூரோ. ஒரு கண்காட்சியில் கால் மணி நேரம் அதைக் கேட்டேன். கீழ்ஸ்தாயியில் நான் வேறு எந்த எலக்ட்ரோஸ்டாடிக்கிலும் கேட்காத பிடிமானம் இருந்தது. ஆம்பின் கடைசிக் கட்டத்தை அவர்கள் காதுக்கப்புக்குள்ளேயே வைத்திருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இந்த வகை ஹெட்போனில் நீளமான கேபிளே ஆம்புக்கு ஒரு சுமை. ஆனால் கால் மணி நேரத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் அலைவரிசை 1,00,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு வயது 46. போன வருடம் செய்த சோதனையில் என் காது 14,000-உடன் நின்றுவிட்டது. அந்த எண்ணுக்காக ஒரு டாலர்கூட நான் கொடுக்க மாட்டேன். ஹைஃபைமேன் ஷாங்ரி-லாவும் ஆம்போடு 50,000 டாலர் விலையில் வந்தது. அதைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. 4,500 டாலருக்கு வந்த ஆடிஸி சிஆர்பிஎன் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. எம்ஆர்ஐ ஸ்கேன் செய்துகொள்பவர்கள் போட்டுக்கொள்ள, உலோகம் இல்லாத ஹெட்போன் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த கார்பன் நானோகுழாய்ச் சவ்வு அது.

எதற்கு இவ்வளவு விலை? அரை மில்லிமீட்டர் இடைவெளியை இரண்டு காதிலும் ஒரே அளவில் வைத்து, மைக்ரான் சவ்வைச் சீராக இழுத்துக் கட்டுவது கடினமான கைவேலை. விற்கும் எண்ணிக்கையும் குறைவு. அந்த உழைப்புக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அந்தக் கஷ்டத்தின் பெரும் பகுதியை எல்700-லேயே பட்டுவிட்டார்கள், அதன் பலனும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் 4,700 டாலருக்கு எனக்குக் கிடைத்தது விரிந்த மேடை, களைப்பில்லாத ட்ரெபிள், அருமையான கட்டமைப்பு. மூன்றும் உண்மையானவை. மிருதங்கத்தின் சாப்புக்குள் புதிதாக எதுவும் கேட்கவில்லை.

2024 ஜூனில் நண்பர் விடுமுறைக்கு வந்து இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. குறிப்பாக ஒரு கச்சேரிப் பதிவில், மங்களம் முடிந்து ஆட்கள் எழுந்து நடக்கும் அந்த அரை நிமிடத்துக்காக ஏங்கினேன். எக்ஸ்9000-இல் அந்த மண்டபமே கண்முன் நிற்கும். மூன்றாவது வாரம் எல்700-ஐப் போட்டுக்கொண்டு வேறு எதையும் நினைக்காமல் ஒரு முழுக் கச்சேரி கேட்டேன்.

போன மாதம் அவர் ஃபோன் செய்தார். ஹெட்போனை மட்டும் 4,000 டாலருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறாராம், முதலில் என்னிடம் கேட்கிறார். இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். எவ்வளவுன்னா எடுப்பீங்க என்று கேட்டார். 14 மாதம் கேட்டதை வைத்து மனதார ஒரு எண் சொன்னேன்: 2,500. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.