அந்தரங்க இடத்துல வலின்னு ஒரு கிளினிக்குக்குப் போனேன், 68,000 ரூபாய்க்கு "அழகு பேக்கேஜ்" போட்டு அனுப்பிட்டாங்க. பொண்ணுங்களே, உஷார்!

நேத்து சாயங்காலம் அவங்ககிட்ட இருந்து வந்த மெசேஜ் இது: "டியர் மேம், ரீஃபண்ட் எங்க பாலிசியில் இல்லை. மீதி சிட்டிங்குக்குப் பதிலா ஃபேஷியல் அல்லது லேசர் ஹேர் ரிமூவல் எடுத்துக்கலாம்." கூடவே ஒரு பூ எமோஜி. உட்கார முடியாத வலியோட போனவளுக்கு ஃபேஷியலாம். 68,000 ரூபாய்க்கு.

இந்தக் கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும். பேரைப் போட மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் விடுவோம்னு ஏற்கனவே மிரட்டியாச்சு. எப்படிப்பட்ட இடம்னு மட்டும் சொல்றேன். "பெண்கள் அந்தரங்க நலம்"னு ரோஸ் கலர் போர்டு, ரெண்டாவது மாடி, ஏசி, லேசர், பிஆர்பி (நம்ம ரத்தத்தையே எடுத்துப் பிரிச்சு ஊசியா போடறது), முடி, முகம், தழும்பு எல்லாம் ஒரே இடத்துல. டாக்டர் பேருக்கு முன்னாடி ரீல்ஸ்தான் கண்ணுல படும். இந்த மாதிரி இடம் இப்ப எல்லா ஊர்லயும் முளைச்சுக்கிட்டு வருது.

என் பிரச்சனையைக் கூச்சப்படாம சொல்லிடறேன், ஏன்னா இந்தக் கூச்சத்தை வச்சுத்தான் அவங்க வியாபாரமே நடக்குது. பெண்ணுறுப்போட வெளிப்பக்கம், வாசல்கிட்ட எரிச்சலும் வலியும். மிளகாய் அரைச்ச கையை அங்க வச்ச மாதிரி. புண் கிடையாது, கட்டி கிடையாது, கண்ணாடி வச்சுப் பார்த்தாலும் ஒண்ணும் தெரியாது. ஆபீஸ்ல நாற்காலி நுனியில ஒரு தொடையில பாரத்தைப் போட்டு உட்கார்ந்தே பழகிட்டேன். ஸ்கூட்டியில போனா ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னாடியே எந்திரிச்சு நின்னுக்குவேன். ஜீன்ஸ் எல்லாம் பீரோவுக்குள்ள போயிடுச்சு. தாம்பத்யம் பத்தி என்ன சொல்ல. எனக்கு வலிக்குமேன்னு பயந்து அவரே தள்ளிப் படுத்துக்குவார்.

போன இடத்துல எல்லாம் "ஃபங்கல்"னு மாத்திரை, உள்ள வைக்கிற மாத்திரை, கிரீம். கிருமி இருக்கான்னு கல்ச்சர் எடுத்தா ஒண்ணும் வளரலைன்னு வரும், திரும்பவும் அதே கிரீம். "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன் ஆகாதீங்க"ன்னு ஒரு டாக்டர். "ஒரு குழந்தையைப் பெத்துக்கோ, எல்லாம் சரியாயிடும்"னு இன்னொரு டாக்டர். அந்த வலியோட குழந்தை எப்படிப் பெத்துக்கறதுன்னு அவங்க சொல்லலை. அத்தை உடம்புச் சூடுன்னு ராத்திரி வெந்தயம் ஊறப் போட்டுக் குடுத்தாங்க. அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டாங்க. இவங்க யார் மேலயும் எனக்குக் கோபம் இல்ல. டாக்டருங்க ஃபீஸ் வாங்கினாங்கதான், ஆனா 300, 400. யாரும் என் போனை வாங்கி என் பேர்ல கடன் போடல.

அந்த ரீல் ஒரு ராத்திரி வந்துச்சு. "எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஆனா வலி நிக்கலையா? அது உங்க கற்பனை இல்லை." நான் எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன். மறுநாளே போன் பண்ணி, லீவு போட்டுட்டுப் போனேன்.

டாக்டருக்கு முன்னாடி ஒரு கவுன்சலர். "மேம்"னு ஆரம்பிச்சவங்க கொஞ்ச நேரத்துல "அக்கா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நான் சொல்லச் சொல்ல நோட்டுல எழுதிக்கிட்டாங்க, ஒரு தடவைகூட வாட்சைப் பார்க்கல. கடைசியில, "அக்கா, இதுக்குப் பேர் இருக்கு. வல்வோடினியா. உங்க வலி உண்மை. இத்தனை நாள் உங்களை யாருமே நம்பலைல்ல?"ன்னாங்க. நான் உடைஞ்சு அழுதுட்டேன். டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினாங்க. அந்தப் பெட்டி நான் போறதுக்கு முன்னாடியே அந்த மேசையில ரெடியாத்தான் இருந்திருக்கு. எனக்கு முன்னாடி எத்தனை பேர் அங்க அழுதாங்களோ.

இதுல கொடுமை என்னன்னா, அவங்க சொன்ன பேர் பொய்யில்ல. வல்வோடினியா நிஜமான நோய்தான். தொற்று, தோல் நோய், நரம்புப் பாதிப்புன்னு தெளிவா ஒரு காரணம் கிடைக்காம மூணு மாசத்துக்கு மேல அந்த இடத்துல வலி இருந்தா அப்படிச் சொல்வாங்க. சர்வதேச மருத்துவ சங்கங்கள் சேர்ந்து 2015ல இதுக்கு வரையறையே எழுதியிருக்காங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் பெண்கள்கிட்ட கேட்டு 2003ல வந்த ஆய்வுல, காரணம் தெரியாத இந்த மாதிரி நாள்பட்ட வலி வாழ்க்கையில எப்பவாவது வந்தவங்க கிட்டத்தட்ட 16 சதவீதம். உண்மையான ஒரு பேரைக் குடுத்து என் நம்பிக்கையை வாங்கிட்டு, அதுக்குப் பின்னாடி தங்கிட்ட இருக்கிற மெஷினை வித்தாங்க.

அப்புறம்தான் டாக்டர்னு ஒருத்தங்க வந்தாங்க. என்னைப் படுக்க வச்சுப் பார்க்கவே இல்ல. எங்க வலிக்குதுன்னு தொட்டுப் பார்க்கல. ஐபேடுல ஒரு படம் காட்டி, லேசர் போட்டா புது செல் வளரும், பிஆர்பி ஊசி போட்டா நரம்பு "ரீசெட்" ஆயிடும், ஆறு சிட்டிங், "நைன்ட்டி பர்சன்ட் ரிசல்ட்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. திரும்ப கவுன்சலர். "இன்னைக்கே புக் பண்ணினா 68,000 அக்கா, நாளைக்கு 95,000." அவ்வளவு பணம் கையில இல்லன்னேன். "எதுக்கு கையில இருக்கணும், வட்டியில்லாத இ.எம்.ஐ. இருக்கே, போனைக் குடுங்க"ன்னு வாங்கி, ஆதார், பான், செல்ஃபி, ஓடிபி எல்லாம் அவங்களே தட்டினாங்க. கன்சென்ட் ஃபார்ம்னு டேப்ல கீழ வரைக்கும் சர்ருன்னு தள்ளி, விரலால கையெழுத்துப் போடச் சொன்னாங்க. முழுக்க இங்கிலீஷ். "எல்லா ஆஸ்பத்திரியிலயும் வாங்குறதுதான் அக்கா."

அன்னைக்கே முதல் சிட்டிங். மரத்துப் போற கிரீம் தடவி முடிச்சுட்டு, நான் டிரஸ் சரி பண்றதுக்குள்ள ரிசப்ஷன்ல க்யூஆர் கோடை நீட்டினாங்க: "ஒரு ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்க அக்கா."

வீட்டுக்கு வந்து கிரீம் வேலை விட்டதும் ஆரம்பிச்சுது பாருங்க. முன்னாடி வாசல்ல மட்டும் இருந்த எரிச்சல் மொத்த இடத்துக்கும் பரவி, மக்குல தண்ணியை ஊத்திக்கிட்டேதான் ஒண்ணுக்குப் போக முடிஞ்சுது. போன் பண்ணினேன். "அது ஹீலிங் அக்கா, நல்லதுக்குத்தான்." மறுபடி பண்ணினேன். "மேடம் கான்ஃபரன்ஸ்ல இருக்காங்க." வாட்ஸ்அப்ல எழுதினேன், நீல டிக் விழுந்துச்சு, பதில் வரல. வேற நம்பர்ல இருந்து புதுசா ஒரு பையன் பேசினான்: "உங்க பெயின் டாலரன்ஸ் கம்மி மேடம், அடுத்த சிட்டிங் வந்தா செட் ஆயிடும்." அந்த "அக்கா" கவுன்சலர் வேலையை விட்டுப் போயிட்டாங்களாம். நேர்ல போனா, காத்திருக்கச் சொல்லி, மத்தவங்க முன்னாடியே சத்தமா, "உங்களுக்கு எந்த இடத்துல மேடம் பிராப்ளம்?" வேணும்னேதான் கேட்டாங்க. வாயைத் திறக்க மாட்டேன்னு கணக்கு.

அங்க மட்டும் நான் கத்தினேன். பில்லைக் கையில குடுத்தாங்க. அதைப் பார்த்ததும்தான் ரத்தம் கொதிச்சுது. "காஸ்மெடிக் பேக்கேஜ், 57,627. ஜிஎஸ்டி 18 சதவீதம், 10,373. மொத்தம் 68,000." நோய்க்குச் செய்யுற மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டியே கிடையாது, வெறும் அழகுக்காகச் செய்யுறதுக்குத்தான் ஜிஎஸ்டி. அதாவது என் வலியை நம்பறேன்னு வாயால சொல்லிட்டு, காகிதத்துல நான் அழகுக்கு வந்தவள்னு எழுதி வச்சிருக்காங்க. கன்சென்ட் ஃபார்மை மெயில்ல வாங்கிப் படிச்சா அதுலயும் வலிங்கிற வார்த்தையே இல்ல. "அழகியல் மேம்பாட்டுக்காக நானே விரும்பி" செஞ்சுக்கிட்டேனாம், பலனுக்கு உத்தரவாதம் இல்லையாம். அந்த நைன்ட்டி பர்சன்ட் எங்க போச்சுன்னு கேட்டா, "அது வாய்மொழி மேடம்"ங்குறாங்க.

இன்னொண்ணு. இந்த வகை லேசர் மெஷினை பெண்ணுறுப்புப் "புத்துயிர்"னு விக்கிறதைப் பத்தி மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூலையிலேயே எச்சரிக்கை விட்டிருக்கு. பாதுகாப்பானது, பலன் தரும்னு நிரூபணம் இல்ல, தீக்காயம், தழும்பு, உறவுல வலி, நாள்பட்ட வலி வரலாம்னு அதுலயே இருக்கு. வலி போகணும்னு போறவளுக்கு வலி வரலாம்னு எச்சரிக்கை இருக்கிற மெஷின்!

கடைசியா நான் போனது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, தோல் ஓ.பி. கூட்டம், பெஞ்சுல இடமில்ல, எப்படியும் எனக்கு நிக்கிறதுதான் வசதி. அந்த டாக்டரம்மா ஸ்கிரீனை இழுத்துவிட்டு, முதல்ல தோலை நல்லா பார்த்தாங்க. லைக்கன் மாதிரி தோல் நோய், அலர்ஜி எதுவும் இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு காட்டன் பட். காது குடையுற பட்தான். அதை வச்சு கடிகாரத்துல இருக்கிற மாதிரி 12 மணி, 3 மணின்னு சுத்தி ஒவ்வொரு புள்ளியா மெதுவா தொட்டு, "இங்க? பத்துக்கு எத்தனை?"ன்னு கேட்டாங்க. மேல ரெண்டு, மூணு. கீழ 5 மணி, 7 மணி இடத்துல தொட்டதும் கட்டிலை விட்டே எகிறிட்டேன். "இதுதாம்மா உன் வலி"ன்னு பேப்பர்ல வட்டம் போட்டுக் குறிச்சாங்க. இந்தச் சோதனை இந்த நோய்க்கு அடிப்படையாம். ஒரு ரூபாய் பெறாத பட். 68,000 வாங்கின இடத்துல அதைக்கூடத் தொடல.

ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதிக் குடுத்தாங்க. மனநோய் மாத்திரையோன்னு பயந்தேன், இது குறைஞ்ச அளவுல நரம்பு வலிக்குக் குடுக்கிறதுன்னு புரிய வச்சாங்க. தடவ, மரத்துப் போக வைக்கிற லிக்னோகெய்ன் ஆயின்ட்மென்ட். ஃபங்கல் கிரீம், சோப்பு, வாசனை வாஷ் எல்லாம் நிறுத்தச் சொல்லிட்டாங்க, அதுங்களே எரிச்சலைக் கூட்டுமாம். இடுப்புத் தளத் தசை, அதாவது அடியில இருந்து உறுப்புகளைத் தாங்குற தசை, இறுகிக் கிடக்குன்னு அதுக்குன்னே பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்பினாங்க. அவங்க முதல்ல கேட்டது, "கீகல் பண்றீங்களா?" அந்தத் தசையை இறுக்கிப் பிடிக்கிற பயிற்சிதான் கீகல். பண்றேன், அந்த லேசர்க்காரங்க பேக்கேஜோட ஓசியா அனுப்பின வீடியோவுல அதுதான் இருக்கு. "உடனே நிறுத்துங்க. உங்க தசைக்குத் தளரத் தெரியல, நீங்க இன்னும் இறுக்கிட்டிருக்கீங்க." இப்ப மூச்சை வயித்துக்கு இழுத்து அந்தத் தசையை விடப் பழகிட்டிருக்கேன். மெதுவாத்தான் ஆகும், முழுசா போகுமான்னு சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா முகத்துக்கு நேரா சொன்னாங்க. அந்த நைன்ட்டி பர்சன்ட்டை விட இது எனக்கு எவ்வளவோ தேவலாம்.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன். மதியத்துல இருந்து கடன் கம்பெனிக்காரன் விடாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், அதனால சுருக்கமா. படுக்க வச்சுப் பரிசோதிக்காம பேக்கேஜ் பேசினா எந்திரிச்சு வந்துடுங்க. போனைக் கையில குடுக்காதீங்க, ஓடிபி சொல்லாதீங்க. "இன்னைக்கு மட்டும்" விலைன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. பில்லுல ஜிஎஸ்டி இருந்தா ஏன்னு அங்கேயே கேளுங்க. ஆப்ல போட்ட கடனுக்கு கூலிங்-ஆஃப்னு கொஞ்சம் அவகாசம் உண்டு, அதுக்குள்ள அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டினா அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம், கடன் பத்திரத்துல பாருங்க. எனக்கு அது முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது, யாரும் வாயைத் திறக்கல. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம். நான் 1915ல புகார் பதிஞ்சாச்சு, மெசேஜ் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், நீங்களும் முதல் நாள்ல இருந்தே எடுத்து வைங்க.

"போனது போகட்டும் விடு, ஊருக்குத் தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்"ங்குறார் வீட்டுக்காரர். 68,000 ரூபாயை வாங்கினவனுக்கு அசிங்கம் இல்லையாம், எனக்கு என்ன அசிங்கம்? அஞ்சாம் தேதி அடுத்த இ.எம்.ஐ. கணக்குல காசு இல்லன்னா சிபில் போயிடும்னு அந்தக் கடன்காரன் இப்பவே மிரட்டறான். கட்டிக்கிட்டே கேஸையும் நடத்தப் போறேன்.