தேய்ந்த செப்புக் காசைப் படமெடுக்க எந்த வெளிச்சம்?

நெல்லை வட்டாரத்தில் காசு சேர்ப்பவர்கள் படமெடுக்க ஸ்கேனர், ரிங் லைட், சாய்த்து வைத்த கண்ணாடி, இரண்டு மேசை விளக்குகள் என நான்கு வழிகளைக் கையாளுகிறார்கள். நான் கடைசி வழியில் நிலைத்துவிட்டேன். என்னிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை பாண்டியர் செப்புக் காசுகளும், 1956 வரை மலைக்கு அப்பாலுள்ள ஆட்சியில் இருந்த செங்கோட்டைப் பக்கம் இன்றும் தட்டுப்படும் திருவிதாங்கூர்க் காசுகளுமே என்பதால், தேய்ந்த எழுத்தைத் தெளிவாகக் காட்டும் வெளிச்சம்தான் எனக்கு வேண்டும்.

ஸ்கேனர் அளவுகளைப் பதிந்துகொள்ள மட்டும் உதவும். ரிங் லைட் சுற்றிலும் ஒரே சீராக ஒளி வீசி நிழலை அழித்துவிடுவதோடு, பளபளப்பான வெள்ளியில் தன் வளையத்தையும் பதித்துவிடுகிறது.

கண்ணாடி முறையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. லென்ஸுக்கும் காசுக்கும் இடையே மெல்லிய கண்ணாடியை 45 பாகை சாய்த்துப் பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டினால், ஒளியில் ஒரு சிறு பங்கு நேர்கீழாகக் காசின்மேல் இறங்கும். மிச்சம் கண்ணாடியைக் கடந்து போய்விடுவதால் எதிர்ப்புறம் கறுப்பு அட்டை வைக்க வேண்டும், ஷட்டரும் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். தேயாத விக்டோரியா வெள்ளி ரூபாய்க்கு இது அருமையாகப் பொருந்துகிறது. களிம்பேறிச் சொரசொரத்த செம்பிலோ ஒளி சிதறி, மேடும் பள்ளமும் ஒரே பழுப்பாகிவிடுகின்றன.

இரண்டு விளக்குகளின் பலம் அவற்றின் கோணத்தில் இருக்கிறது. கடிகார முகத்தில் பத்து மணி, இரண்டு மணி இருக்கும் திசைகளில் அவற்றை நிறுத்தி, ஒன்றைச் சற்றுத் தள்ளி வைத்து, மற்றதைக் காசின் மட்டத்துக்கு மெல்லத் தாழ்த்திக்கொண்டே வந்தால் மாற்றம் கண்ணெதிரே நிகழும். ‘எல்லாந்தலையானான்’ என்று பொறித்த பாண்டியர் காசு ஒன்றில், விளக்கு உயரத்தில் இருந்தவரை வெறும் கறையாகத் தெரிந்த ‘லை’யின் சுழி, ஒளி மேற்பரப்பை உரசிய கணத்தில் நூலளவு நிழலோடு எழுந்து நின்றது. விளக்கை ஒருபோதும் ஆறு மணித் திசையில் வைக்கக் கூடாது. ஒளி மேலிருந்தே வருவதாக நம் கண் கொள்வதால், புடைத்த எழுத்து குழிந்ததுபோலத் தோன்றி வாசிப்பே தவறிப்போகும்.

விளக்கைத் தாழ்த்த இடம் வேண்டுமென்பதால் சிறு பொருள்களைக் கிட்டத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ்களில் 60 மி.மீ. லென்ஸைவிட 100 மி.மீ. லென்ஸ் வசதியானது, அது காசிலிருந்து கூடுதலாக விலகி நிற்கும். கைப்பேசியில் எடுப்பவர்கள் கிட்டே கொண்டுபோகாமல், இரண்டு மடங்கு ஜூமில் தள்ளி நின்று எடுத்தால் அதன் நிழல் காசின்மேல் விழாது.

சேகரிப்பாளர்களுக்கெனச் சிறப்பாக அச்சிடப்பட்டு கண்ணாடிபோல் மின்னும் புரூஃப் நாணயங்களையும் ‘பணம்’ எனப்படும் சிறு பொற்காசுகளையும் நான் அதிகம் எடுத்ததில்லை. அவற்றுக்குச் சாய்ந்த கண்ணாடியே மேலாக இருக்கக்கூடும்.

உரசும் ஒளி மயிரிழைக் கீறலையும் பெரிதாக்கிக் காட்டும், செம்பின் உண்மை நிறத்தையும் மங்கச் செய்யும். ஆகவே விற்பதற்காகப் படமெடுப்பவர்கள் விளக்குகளை உயர்த்தி, வெள்ளைத் தாளில் வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமராவின் நிற அமைப்பை) சரிசெய்து எடுத்த இன்னொரு படத்தையும் சேர்த்தே அனுப்புவது வாங்குபவருக்குச் செய்யும் நியாயம்.