நேரலை வகுப்பா, பதிவு வீடியோவா: ஆசிரியர் மனசுக்கு எது தாங்கும்?

ஆன்லைனில் பாடம் நடத்த இந்த இரண்டில் எதை எடுப்பது என்று குழம்பும் ஆசிரியர்கள் செலவைப் பார்க்கிறார்கள், மனச்சோர்வைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மௌனம்
நேரலை: பிள்ளைகள் கேமராவை அணைத்திருக்கும் கறுப்புக் கட்டங்களைப் பார்த்தே பேச வேண்டும். "புரிஞ்சுதா?" என்றால் பதில் வராது. பிள்ளைகளுக்கு அலட்சியம் என்று மனம் ஒடிந்துபோவது இங்கேதான். டேட்டா தீரும் பயம், வீட்டுச் சத்தம், வீடு கேமராவில் தெரியும் கூச்சம் என்று காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "மூணாவது கணக்கோட விடையை சாட்ல போடுங்க" என்று கேளுங்கள், பதில் வரும்.
பதிவு: மௌனம் உறுத்தாது. ஆனால் யார் எந்த இடத்தில் பார்ப்பதை விட்டார்கள் என்பதும் தெரியாது.

சோர்வு
நேரலை: வீடியோ அழைப்புகள் சோர்வு தருவதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021-இல் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று, நம் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருப்பது. ஜூமில் நம் கட்டத்தின் மூன்று புள்ளியைத் தொட்டு அதை மறைத்துவிடலாம். மற்றவர்களுக்கு நாம் தெரிந்துகொண்டுதான் இருப்போம்.
பதிவு: ஒரு சொல் தடுக்கினாலும் முதலிலிருந்து எடுக்கும் பழக்கம்தான் ஆளைத் தின்றுவிடும். தடுமாறினால் ஒருமுறை கைதட்டிவிட்டு, அதே வாக்கியத்தை மறுபடி சொல்லித் தொடருங்கள். ஒலி அலையில் அந்த இடம் கூராக எழுந்து நிற்கும்; எடிட்டிங்கில் அங்கே வெட்டலாம்.

வகுப்புக்குப் பின்
நேரலை: அணைத்தால் முடிந்தது.
பதிவு: வாட்ஸ்அப் சந்தேகங்கள் நள்ளிரவு வரை வரும். மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே பதில் சொல்வேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சிறு குழந்தைகள், பின்தங்கியவர்கள், பதினைந்து பேருக்குள் அடங்கும் வகுப்பு என்றால் நேரலைதான். ஒரே பாடத்தை நான்கு பிரிவுகளுக்கு எடுப்பவர் பதிவு செய்து கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை சந்தேகங்களுக்கு மட்டும் நேரலையில் வரலாம்.