நாய்க்கு வலிப்பு மாத்திரை வாங்கும்போது "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் நம்பாதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வலிப்பு உள்ள நாய் வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

24 கிலோ நாய்க்கு டாக்டர் எழுதியது ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்து 60 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. கடலூரில் ஒரு பெட் ஷாப்பில், "அது ஸ்டாக் இல்ல, இதுவும் ஃபிட்ஸ் மாத்திரைதான், மனுஷங்களுக்கே இதத்தான் தர்றாங்க" என்று பெயர் தெரியாமல் கத்தரித்த அட்டையில் வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பில்லும் இல்லை. மூன்றாம் நாள் இரவு அடுத்தடுத்து வலிப்பு. முழு அட்டையைக் காட்டச் சொன்ன பிறகுதான் அது ஃபெனிடாய்ன் என்று தெரிந்தது. கடைக்காரர் சொன்னது: "ரெண்டு நாள் நல்லாத்தானே இருந்துச்சு?"

நல்லா இருந்ததற்குக் காரணம் அவர் கொடுத்த மாத்திரை இல்லை. ஃபீனோபார்பிட்டால் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். பாதி குறையவே இரண்டு மூன்று நாள் ஆகலாம். பழைய மருந்து மிச்சம் இருக்கும்வரை நாய் தாங்கும், அது தீர்ந்ததும் விழும். ஃபெனிடாய்ன் மனித உடம்பில் பாதி குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நாய்க்கோ மூன்று நான்கு மணி நேரத்தில் பாதி போய்விடும். வேளைக்கு ஒன்று கொடுத்தாலும் பயன் இல்லை. "மூலிகைச் சொட்டு இருக்கு, மாத்திரையை நிறுத்திடுங்க" என்பதும் இதே ஆபத்துதான். ஃபீனோபார்பிட்டாலைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து நாய் செத்தே போகலாம். குறைப்பதானாலும் டாக்டர் சொல்படி, பல வாரங்களில் படிப்படியாகத்தான்.

ஃபீனோபார்பிட்டால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் சின்ன மெடிக்கல்களில் பெரும்பாலும் வைப்பதில்லை. பெட் ஷாப்பில் கேட்கவே வேண்டாம். டாக்டர் சீட்டோடு பெரிய மெடிக்கலில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லிக் கேளுங்கள். 60 இல்லையென்றால் 30-இல் இரண்டு. முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள். பதினைந்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் சமயங்களில் கடை திறக்காமல் கிடந்த ஊர் இது.

ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள், அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக வேண்டாம். ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் தூக்கம், பின்னங்கால் தள்ளாட்டம், அதிகப் பசி, தாகம் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் நிறைய. இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் மருந்தின் அளவும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதோடு கல்லீரலும் பார்க்க வேண்டும். கூடவே பொட்டாசியம் புரோமைடு என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் எழுதியிருந்தால் கருவாடு, உப்புச் சோறு, கடற்கரையில் உப்புத் தண்ணீர் எதுவும் கூடாது. உப்பு ஏறினால் அந்த மருந்து சிறுநீரில் போய்விடும். உண்ணிக்குக் கொடுக்கும் ஃப்ளூரலேனர், அஃபாக்ஸோலேனர் வகை மாத்திரைகள் வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் எச்சரித்திருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் இவற்றையும் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

வலிப்பு வந்தால் முதலில் மணியைப் பாருங்கள். இரும்பு, சாவி, கை, தண்ணீர் எதையும் வாயருகே கொண்டுபோகாதீர்கள். முட்டும் சாமான்களை நகர்த்தி, ஃபேன் போடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை வந்தாலோ உடனே மருத்துவமனை. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ராத்திரி எங்கே திறந்திருக்கும் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பை நிறுத்த ஆசனவாய் வழியாகச் செலுத்தும் டயசிபாம் மருந்தை வீட்டில் வைக்கலாமா, எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதியே வாங்குங்கள்.

மாற்றி வாங்கி ஏமாந்திருந்தால் மிச்ச மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டர் சீட்டோடு சேர்த்து எடுத்துப்போங்கள். கடலூர்க் கடையென்றால் தமிழக மருந்து ஆய்வாளரிடமும், புதுச்சேரிக் கடையென்றால் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் புகார் கொடுக்க வேண்டும்.